மூன்றாம் அலைக்குப் பிறகு

முதலில் என்னிடம் வந்தது மரணச் செய்தி அல்ல, ஒரு வீடியோ.

நல்லூரில் நான் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் காலை இடியப்பம் வாங்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்த நேரம். பழைய கப்பல் வேலைக்காரர்களான எங்களுக்குக் கைத்தொலைபேசியில் ஒரு குழு உண்டு. பிறந்தநாள் வாழ்த்தும் பழைய படங்களும் தவிர அதில் உருப்படியாக ஒன்றும் வருவதில்லை. அன்று யாரோ, "இந்த அலையைப் பாருங்கள்" என்று ஒரு வரியோடு அந்த வீடியோவைப் போட்டிருந்தார். உல்லாசப் பயணக் கப்பல் ஒன்றின் சாப்பாட்டு மண்டபம். ஆள் உயரத்தை விடப் பெரிய கண்ணாடி யன்னல்கள். வெளியே சாம்பல் நிறக் கடல் எழும்பி எழும்பி விழுகிறது. வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் வாசலில் சற்று நின்றுவிட்டு உள்ளே நடக்கிறார். மண்டபத்தின் பாதியைத் தாண்டியிருப்பார், அவ்வளவுதான். யன்னல்கள் இருந்த இடத்தில் யன்னல்கள் இல்லை. வெள்ளையாக ஏதோ வந்து மண்டபத்தை நிறைத்தது. படம் பிடித்தவரின் அலறலோடு வீடியோ முடிந்தது.

நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே பார்த்தேன். "அம்மாடி" என்றுகூடச் சொன்னேன். பார்சலுக்குக் காத்து நின்ற ஒருவருக்கும் காட்டினேன். இரண்டாம் தடவை ஓடவிட்டபோதுதான் அந்த நடை கண்ணில் பட்டது. முழங்காலைச் சற்று மடித்து, பாதத்தை அகட்டி வைத்து, இடது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கையில் இல்லாத தட்டத்தைக் காவுகிறவர்போல ஒரு நடை. பல வருடங்கள் அந்த நடைக்குப் பின்னால்தான் நான் நடந்திருக்கிறேன். மூன்றாம் தடவை பார்க்க அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. குழுவில் யாரும் பெயர் சொல்லவில்லை. நானாகவே எதையோ நினைத்துப் பயப்படுகிறேன் என்று என்னையே ஏசிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

மத்தியானத்துக்கு முன் பருத்தித்துறையிலிருந்து, அந்த நடைக்குச் சொந்தக்காரரின் மனைவி, புவனா அக்கா அழைத்தார். குரலில் அழுகை இல்லை.

"அன்ரன் தம்பி, கொம்பனியிலையிருந்து கதைச்சவை. இங்கிலீசிலை சொல்லுகினம். எனக்கு விளங்கினது பிழையோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லும்."

இலக்கத்தைத் தந்தார். நான் எடுத்துக் கேட்டேன். அக்காவுக்கு விளங்கியதில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அதை அவருக்குத் திருப்பிச் சொல்வதற்காக நான் அந்தத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்த இருப்பை என்னால் எழுத முடியாது.

நாகலிங்கம் தர்மகுலசிங்கம் என்ற எங்கள் குலம் அண்ணை, தென்னமெரிக்காவின் அடி நுனிக்குக் கீழே, பனிப்பாறைகளைப் பார்க்கப் போன கப்பலில், சாப்பாட்டு மண்டபத்துக்குள் புகுந்த ஒற்றை அலையில் காலமானார். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வரிசை யன்னல் போனது. ஆயிரக்கணக்கானோர் அதில் இருந்தார்கள். சிலருக்குக் கை முறிந்தது, சிலருக்குக் கண்ணாடி வெட்டியது. உயிர் போனது அவருக்கு மட்டும். இதை எழுதும் இந்த நேரம் வரைக்கும் அந்தக் கணக்கு என் மண்டையில் ஏற மறுக்கிறது. கப்பல் மூழ்கிச் செத்தார் என்றால் மனம் ஏதோ ஒரு வழியில் ஆறும். தாழாத கப்பலில், சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவில் நின்று ஒரு மனிதன் கடலில் சாவதாவது.

அவரை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

குலம் அண்ணை கடல்காரர் அல்ல. சண்டிலிப்பாயில் மரக்கறியும் புகையிலையும் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். எனக்கு அவர் அறிமுகமானது கப்பலில். நான் குருநகரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். முதல் நாள் சீருடை போட்டுக்கொண்டு பெருமையோடு மண்டபத்துக்குப் போனேன். மீசைக்கு மை பூசி, சப்பாத்து மினுங்க, வாசனைத் தைலம் நாலு மேசைக்கு மணக்க ஒருவர் வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார். அவர்தான் எங்கள் பகுதியின் தலைமைப் பரிமாறுநர்.

"எந்த ஊர் தம்பி?"

"குருநகர்."

"அப்ப கடல் பழக்கமெண்டு நினைப்பிருக்கும். அந்த நினைப்பைக் கழட்டி அலுமாரியிலை வையும். உங்கடை கடலிலை இடுப்பளவு தண்ணி. இது வேறை."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. குருநகரின் முன்னால் கிடப்பது பரவைக்கடல். அது குளம்போலக் கிடக்கும். ஆளுயர அலையை நான் படங்களில்தான் பார்த்திருந்தேன். இரண்டாம் நாளே வாந்தி எடுத்துக் கட்டிலில் கிடந்தேன். அவர் வந்து பச்சை அப்பிள் ஒன்றை வெட்டித் தந்து, "மிதக்கிற கலியாணவீடு தம்பி இது. பொம்பிளை மாப்பிளை இல்லை, பந்தி மட்டும் முடியிறேல்லை. எழும்பும்," என்றார். எழும்பினேன். அன்றிலிருந்து அவருக்கு நான் தம்பி.

அவர் ஒரு பவிசுக்காரர். இறந்துவிட்டார் என்பதற்காக அடக்கமானவர் என்று பொய் எழுத மாட்டேன். பிரயாணிகளிடம், தங்கள் பரம்பரையே பாய்க்கப்பல் ஓட்டிய பரம்பரை என்று அளப்பார். வெள்ளைக்காரக் கிழவிகள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

"அண்ணை, உங்கடை முப்பாட்டன் புகையிலைக்குப் புழுப் பிடிச்சவர்," என்பேன் நான்.

"அது ஊரிலை. கடலிலை எனக்கு வேறை முப்பாட்டன்," என்பார் முகம் மாறாமல்.

இவ்வளவுக்கும் அவருக்கு நீந்தத் தெரியாது. சண்டிலிப்பாய்க் கிணற்றில் இறங்கினால் குடிதண்ணீரை அழுக்காக்கினாய் என்று அடிதான் விழுமாம். எங்கள் பாதுகாப்புப் பயிற்சியின்போது நீச்சல் குளத்தில் இறங்கச் சொன்னால், அவருக்கு அன்றைக்கென்று தடிமன் பிடிக்கும்.

அந்தப் பெருமைக்கு ஒரு காரணம் இருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அவர் பருத்தித்துறை முனைப் பக்கத்தில் கடலோடும் குடும்பமொன்றில் பெண் எடுத்தவர். இளம் வயதில் மரக்கறி லொறியோடு பருத்தித்துறைச் சந்தைக்குப் போய்வருவாராம். புவனா அக்கா தகப்பனாரின் மீனை ஏலம் கூற வருவாராம். கத்தரிக்காயும் மீனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்த உறவு அது. சண்டிலிப்பாய் வீட்டார் கலியாணத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. சீதனமும் இல்லை. கேட்கிற நிலையில் அவரும் இல்லை.

"சீதனம் தந்தவையே அண்ணை?" என்று ஒருமுறை பகிடியாகக் கேட்டேன்.

"தந்தவை. மூண்டு திரை," என்றார்.

வட அத்திலாந்திக்கில் கடும் காற்று வீசிய ஒரு நாளில்தான் அந்தச் சீதனத்தை எனக்குக் காட்டினார். கப்பல் ஆடிய ஆட்டத்தில் கோப்பைகள் மேசையிலிருந்து ஊர்ந்து விழுந்தன. நான் சூப் தட்டத்தோடு குசினிக் கதவில் சாய்ந்து நின்றேன். அண்ணை என் தோளைப் பிடித்து நிறுத்தினார். வலது கையைத் தொடையோடு ஒட்டித் தொங்கவிட்டு, கப்பல் பெரிதாக ஒருமுறை தூக்கிப் போட ஒரு விரலை நீட்டினார். இரண்டாம் தூக்கலுக்கு இரண்டாம் விரல். மூன்றாவது முடிய மூன்றாம் விரலும் நீண்டது. "இப்ப நடவும்," என்றார். நடந்தேன். கப்பல் தூங்குகிற பிள்ளைபோலக் கிடந்தது. சூப்பில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

வாடைக் காலத்தில் முனைக் கரையில் வள்ளம் தள்ளுகிறவர்கள் அப்படித்தான் பார்த்து நிற்பார்களாம். மூன்று பெரிய திரை ஒன்றன்பின் ஒன்றாக வந்து அடிக்கும். பிறகு கடல் கொஞ்சம் இளைக்கும். அந்த இளைப்புக்குள் தள்ளிவிட வேண்டும். பிந்தினால் வள்ளம் கவிழும். இதைப் புவனா அக்கா தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாராம், கலியாணத்துக்கு முன்பு, கரையில் வைத்து. கடற்கரையில் பெண்ணோடு நின்று கதைக்க அவருக்குக் கிடைத்த சாட்டு அது என்று சிரிப்பார்.

எல்லா நேரமும் சரிவந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பிழைபோனதைவிடச் சரிவந்தது அதிகம். காலப்போக்கில் எங்கள் மண்டபத்தில் பிலிப்பைன்ஸ்காரர், கோவாக்காரர் எல்லோருமே காற்று நாட்களில் அவருடைய விரல்களைப் பார்த்துத்தான் தட்டம் தூக்கினார்கள். அவரும் மேளக்காரனின் பக்கத்தில் நிற்கும் தாளக்காரன்போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு சிரிப்பும் இருக்கும். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இடுப்பு நாரி விட்டுப்போய் நான் ஊர் திரும்பிய பிறகும் எங்கள் உறவு விடவில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து, சாம்பாரில் உப்புக் கூட என்று குறை சொல்லி, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார். பருத்தித்துறை வீட்டின் பின்னால் உப்பு மணலில் எங்கிருந்தோ செம்மண் கொண்டுவந்து கொட்டிக் கத்தரி வைத்திருந்தார். உரும்பிராய்ச் சந்தையில் வாங்கினால் பத்தில் ஒரு பங்கு செலவில் முடியும் என்றால் கோபம் வரும். கடலோடு சேர்ந்தவர் என்று சொல்லித் திரிந்தாலும் நகக்கண்ணில் மண் இருந்தால்தான் அவருக்கு நித்திரை வரும் என்று அக்கா நக்கலடிப்பார்.

ஒருமுறை என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டு, "சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒருக்கா விடும்," என்றார். ஒரு புகையிலைத் தோட்டத்தின் வேலியோரம் நிறுத்தச் சொன்னார். உள்ளே வயதான ஒருவர் குனிந்து கன்றுகளில் பக்கத்தே கிளைத்த கெட்டுகளை முறித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அண்ணையும் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அவர் திரும்பவும் குனிந்துவிட்டார்.

"ஆர் அண்ணை?"

"பெரியண்ணை. போவம்," என்றார்.

திரும்பும் வழி முழுக்கப் புகையிலைக்கு அந்த முறை தண்ணீர் பத்தாது என்று மட்டும் கதைத்துக்கொண்டு வந்தார்.

இனி அந்த நாளைப் பற்றி. எங்களோடு வேலை செய்த கோவாக்காரர் மரியோ இன்னமும் அந்தக் கப்பலில்தான் இருக்கிறார். மூன்று முறை அழைத்த பிறகுதான் அவரால் கதைக்க முடிந்தது. அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

காலையிலிருந்தே காற்று கூடிக்கொண்டு வந்ததாம். கப்டன் வேகத்தைக் குறைத்து, கப்பலின் முகத்தை அலைக்கு நேரே பிடித்திருந்தார். முன்பக்கச் சாப்பாட்டு மண்டபத்தை மூடச் சொல்லிக் கட்டளை வந்தது. எல்லாரையும் வெளியேற்றினார்கள். கால் வருத்தமுள்ள கிழவர் ஒருவர் மட்டும் யன்னலோர மேசையில் அகப்பட்டுக்கொண்டார். ஆட்டத்தில் கதிரையோடு விழுந்தவர், தரையோடு பூட்டியிருந்த மேசைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. பொறுப்பு அதிகாரி வாசலில் நின்று, இனி யாரும் உள்ளே போகக் கூடாது, கப்பலைத் திருப்பி ஆட்டம் குறைந்த பிறகு எடுப்போம் என்றார். அண்ணை ஓம் என்று தலையாட்டினார். அதிகாரி மற்றவர்களைப் பார்க்கப் போனார். மறுபக்க வாசலுக்கு வெளியே நின்ற பிரயாணி ஒருவர்தான் படம் பிடித்தவர்; மேசை மறைவில் கிடந்த கிழவர் அதில் விழவில்லை. அண்ணை வாசலில் நின்றார். பிறகு உள்ளே போனார்.

அந்தப் பக்கத்துக் கடலில் அலைகள் இரண்டு திசையிலிருந்து வருமாம். ஒன்றின் முதுகில் மற்றது ஏறினால், மற்ற அலைகளைவிட இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று தனித்து எழும்பும். அதற்கு முன் அறிவிப்பு இல்லை, வரிசை இல்லை. ஆறாம் தட்டில் இருந்த யன்னல்கள், மூன்று விரல் தடிப்புக் கண்ணாடி, அப்பளம்போல நொறுங்கின. கிழவர் மேசைக்குக் கீழே கிடந்ததால் தப்பினார். நெற்றியில் ஒரு காயம் மட்டும். அண்ணை போகாமல் இருந்திருந்தாலும் அவர் தப்பியிருப்பார் என்றுதான் மரியோ நினைக்கிறார். இதைக் கேட்டபோது நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். சில விடயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது.

அன்று மாலையே பின்பக்க மண்டபத்தில் சாப்பாடு போட்டார்களாம். பந்தி பிந்தக் கூடாதுதானே.

கொம்பனியின் அறிவித்தலில், கட்டளையை மீறி மூடப்பட்ட இடத்துக்குள் சென்றார் என்று இருந்தது. அதுகூடப் பரவாயில்லை, உண்மைதான். ஊர்தான் என்னைக் கொன்றது. வீடியோவை யாழ்ப்பாணம் முழுக்கப் பார்த்துவிட்டது. யாரோ அதற்குப் பாட்டு வேறு போட்டிருந்தார்கள். அதில் அண்ணை வாசலில் நிற்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கை தொடையோரம் அசைகிறது. தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, கையசைத்துச் சிரித்து, வீரம் காட்ட உள்ளே போனவர் என்று கதை கட்டிவிட்டார்கள். "உவர் எப்பவும் பவிசுக்காரன் தானே" என்று என் கடையில் தோசை தின்றுகொண்டே ஒருவர் சொன்னார். காசு வேண்டாம், எழும்பிப் போங்கள் என்றேன்.

உடல் வந்துசேர வாரங்கள் எடுத்தன. பெட்டி மூடித்தான் இருந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்க, கூடப்பிறந்தவர் பெற்ற பெறாமகன் வேண்டும். ஆகவே அத்தனை வருடங்களுக்குப் பிறகு புவனா அக்காவே சண்டிலிப்பாய்க்கு ஆளனுப்பினார். பெரியண்ணையும் அவருடைய மகனும் வந்தார்கள். மகன் கொள்ளி வைத்தார். பெரியண்ணை வாசலோடு நின்றுவிட்டுப் போனார். நான் சுடலை வரைக்கும் போய், என் வழக்கப்படி ஒரு செபமாலை சொன்னேன். மூடிய பெட்டிக்குள் அந்த மனிதர் இருக்கிறார் என்று அப்போதும் நான் நம்பவில்லை. இத்தனை ஆரவாரமான ஆள் இவ்வளவு நேரம் கதைக்காமல் இருந்ததே இல்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு முதல் நாள் அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். அதுவரைக்கும் அவர் அந்த வீடியோவைப் பார்க்க மறுத்திருந்தார்.

"தம்பி, உம்மடை போனிலை அது இருக்கே?"

"வேண்டாம் அக்கா."

"அவர் கையைக் காட்டினவர் எண்டு சனம் கதைக்குது. அவற்றை கையை நான் பாக்க வேணும்."

கொடுத்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அண்ணை வாசலில் நிற்கும் இடம் வரும்போது விரலால் அமர்த்திப் பிடித்தார். நான் அப்போதுதான் பார்த்தேன். பல தடவை பார்த்தும் பார்க்காததை அப்போதுதான் பார்த்தேன். அவர் யாருக்கும் கையசைக்கவில்லை. தொடையோடு ஒட்டிய வலது கையில் ஒரு விரல் நீண்டிருந்தது. பிறகு இரண்டு. பிறகு மூன்று. அந்தச் சிரிப்பு, சூப் தட்டத்தோடு நான் நின்றபோது என் பக்கத்தில் நின்று சிரித்த அதே சிரிப்பு. மூன்றாம் விரல் நீண்ட பிறகுதான் அவர் காலை எடுத்து வைத்தார். அதிலே அவசரம் ஒன்றும் இல்லை. கடல் இளைத்துவிட்டது என்று முழு நம்பிக்கையோடு நடந்தார்.

அக்கா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, அரிசியைக் கழுவத் தொடங்கினார். அவர் என்ன கண்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அதை இரண்டு பேரும் வாயால் சொல்லவில்லை. நான் சாகும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். விரல்களின் கதையைச் சொன்னால் அண்ணையின் பெயர் காப்பாற்றப்படும், ஆனால் பழி போய் விழுவது அக்காவின் தலையில். அவனைக் கடலுக்கு இழுத்தவள் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு, அந்தக் கலியாணத்து நாளிலிருந்தே இருக்கிறது.

மறுநாள் படையல் முடிந்து சனம் சாப்பிட்டது. சண்டிலிப்பாய்க்காரர் சாப்பிடவில்லை. பெரியண்ணை மர வாங்குப் பலகையில் இருந்தார். அவர் முன்னால் வைத்த பால் தேத்தண்ணீர் ஆடை கட்டிக்கொண்டு இருந்தது. அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் வாயில் படாமல் எழும்பிப் போவது அவர்களுடைய ஒழுங்கு. செத்தவீட்டன்றும் அப்படித்தான் போனார்கள்.

சொந்தக்காரர் ஒருவர், குலம் அண்ணைக்கு இப்படி ஒரு சாவு வந்ததே என்றார். பெரியண்ணை தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நல்ல தோட்டம் கிடந்தது. அதை விட்டிட்டுக் கடலுக்குப் போனவன். போனவன் ஒழுங்கா இருந்தானோ. ஆரோ படம் எடுக்கினமெண்டு பல்லைக் காட்டிக்கொண்டு போய்ச் செத்திருக்கிறான். எனக்கு வெளியிலை தலை காட்ட ஏலாமல் கிடக்கு."

அவருக்கும் அழுகைதான் என்று இப்போது விளங்குகிறது. அன்று எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல இருந்தது. எழும்பவும் எழும்பினேன். அதற்குள் அக்கா குசினி வாசலுக்கு வந்துவிட்டார். கையை முந்தானையில் துடைத்தார். சத்தம் போடவில்லை.

"பெரியண்ணை, அவர் படத்துக்கு நிக்கேல்லை. திரை எண்ணிக்கொண்டு நிண்டவர்."

அக்கா பெரியண்ணையின் முன்னால் வந்து நின்றார்.

"மூண்டு பெரிய திரை போனாப் பிறகு கடல் இளைக்கும், அப்ப இறங்கலாம் எண்டு அவருக்குச் சொல்லிக் குடுத்தது நான். உந்தக் கரையிலை வைச்சு. எங்கடை கடலுக்கு அது சரி. அங்கத்தைக் கடல் எனக்குத் தெரியாது. நான் அதைச் சொல்லேல்லை. எல்லாக் கடலும் ஒண்டெண்டு அவர் நினைச்சிட்டார். விரலிலை மூண்டு எண்ணிப் போட்டுத்தான் போனவர். தம்பியின்ரை போனிலை இருக்கு, பாருங்கோ."

"அக்கா, விடுங்கோ," என்றேன் நான்.

"நீர் பேசாமல் இரும் தம்பி." பிறகு அவரைப் பார்த்து: "ஆரும் கேட்டால், படத்துக்கு நிண்டு செத்தவன் எண்டு சொல்லாதேங்கோ. பெண்சாதி சொன்னதை நம்பிப் போனவன் எண்டு சொல்லுங்கோ."

நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று முடிவெடுத்திருந்ததை, சனம் நிறைந்த வீட்டில், தன்னை என்றும் ஏற்காத மனிதரின் முகத்தைப் பார்த்து, அக்கா தானாகவே சொல்லிவிட்டார். பொல்லைத் தானே எடுத்து அவர்கள் கையில் கொடுத்தது போலத்தான். இனி அவர்கள் அடிக்கலாம். நான் பெரியண்ணையைப் பார்த்தேன். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் என்னிடம் கையை நீட்டினார். தொலைபேசியைக் கொடுத்தேன். அந்தச் சின்னத் திரையை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு தம்பியின் கையைப் பார்த்தார். முடிவு வரைக்கும் பார்க்கவில்லை. தம்பி நடக்கத் தொடங்கியதும் தொலைபேசியைக் கவிழ்த்து வாங்கில் வைத்தார்.



"அப்ப அவன் யோசிச்சுத்தான் போயிருக்கிறான்," என்றார் கடைசியில். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

பிறகு முன்னால் இருந்த தேத்தண்ணீரை எடுத்து, ஆடையை விரலால் ஒதுக்கி, ஆறிப்போனதை முழுவதும் குடித்தார். கோப்பையைக் கீழே வைக்காமல் அக்காவின் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் தாரும் பிள்ளை," என்றார். அக்கா அதுவரைக்கும் அழாதவர். கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை அந்த வீட்டில் எல்லோரும் கேட்டோம்.

குலம் அண்ணை, இந்தக் கட்டுரையை எழுதி முடித்தால் மனம் கொஞ்சம் தெளியும் என்று நினைத்தேன். இல்லை. நேற்றும் கடையில் ஒருவர் சாம்பாரில் உப்புக் கூட என்றார், நான் உங்கள் கதிரையைத்தான் திரும்பிப் பார்த்தேன். செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வது எங்கள் வழக்கம் அல்ல. நானும் அன்று ஒருவருக்கும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் வீட்டை விட்டு நான் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பொறுக்கவில்லை. ஊர் வழக்கம் கிடக்கட்டும். நான் வாறன் அண்ணை.